அடுத்த முறை இணைக்கும்போது

“ஆறு” என்றான் மில்டன்.

நேலிதா மேஜைக்கு அடியில் முழங்காலிட்டிருந்தாள். ரவுட்டரின் வயரைப் பிடித்துக்கொண்டு கை பிளக் துளையைத் துழாவியது. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட யாரோ கெட்டிலைச் சொருகுவதற்காக அதைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஒன்பது நாளாக யாரும் கவனிக்கவில்லை.

“ஆறு சதவீதம், அண்ணி. காலைல ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டு வாங்கறப்ப ஒம்பது இருந்துச்சு. சீக்கிரம்.”

பிளக் ஏறியது. ரவுட்டரில் ஒரு பச்சைப் புள்ளி. இரண்டு. மூன்று. நாலாவது துடித்துத் துடித்து நின்றது. நேலிதா எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை உசுப்பினாள். முழங்கால் இரண்டிலும் தூசி ஒட்டியிருந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

நேலிதாவின் கணவன் வாஷிங்டனின் கைக்கணினி அவன் தம்பி மில்டனின் உள்ளங்கையில் கிடந்தது. ஒரு சீட்டுக்கட்டு அளவுதான், ஆனால் அந்தக் கனத்துக்கு வீட்டில் அதற்குச் செங்கல் என்றே பேர். பிஸ்கட் கம்பெனியில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுத்த காலத்தில் கொடுத்தது. ஓய்வு பெற்ற அன்று, இந்தக் குப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். யூகலிப்டஸ் மரம் ஏற்றி வந்த லாரி வாஷிங்டனின் காரை மூன்றாம் நெடுஞ்சாலையில் தட்டிவிட்டபோது அது இருக்கைக்கு அடியில் போய் விழுந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் நசுங்கியிருந்தது. சார்ஜர் சொருகுகிற வாய் மூடிப்போயிருந்தது. திரையில் கீழ்ப்பாதி தொட்டால் கேட்கவில்லை, அங்கேதான் எழுத்துப் பலகை வரும். மேல்பாதி மட்டும் உயிரோடு இருந்தது.

மில்டன் முப்பது வருஷமாக ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிறவன். கையில் வாங்கியதும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டான். இந்தக் காலத்து மெஷின் மாதிரி இல்லை, இது எல்லாவற்றையும் மின்சாரத்தில்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் போச்சு. பேட்டரி தீர்ந்தாலும் போச்சு. வாஷிங்டன் அதில் சேர்த்து வைத்த நானூறு கடைக்காரர்களின் பேர், அவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாள், கடிதப் பெட்டி, கடிதப் பெட்டியின் பாஸ்வேர்டு, எல்லாம். அந்தப் பாஸ்வேர்டு வாஷிங்டனுக்கே தெரியாது. கம்பெனி ஆள் என்றைக்கோ போட்டுக் கொடுத்தது, திரையில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். அதனால் அந்தப் பெட்டியை வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்க முடியாது.

பெட்டியில் ஒரு புதுக் கடிதம் இருந்தது. உள்ளே எதுவும் இல்லை, தலைப்பு மட்டும். அனுப்பியவர் சுல்மா தெச்சேரா. அவன் செத்த அன்று சாயங்காலம் ஐந்து இருபதுக்கு வந்திருக்கிறது. தலைப்புக்குக் கீழே மெஷின் தன் பங்குக்கு ஒரு வரி சொன்னது: முழுக் கடிதமும் அடுத்த முறை இணைக்கும்போது வரும்.

“அண்ணன் நெட்டுக்குப் போற அந்தப் பெட்ரோல் பங்க்ல இணைப்பு அப்படித்தான்” என்றான் மில்டன். “லாரிக்காரனுங்க பத்துப் பேர் ஒண்ணா உக்காந்து படம் பாப்பானுங்க. இவனுக்குத் தலைப்பு வந்துருக்கு, உடம்பு வரல. விட்டுட்டுக் கெளம்பிட்டான். மழை வேற.” கையை நீட்டித் தலைப்பை இன்னொரு தடவை பார்த்தான். “யாரு அண்ணி இந்த சுல்மா?”

“தெரியாது.”

பொய் இல்லை. அவளுக்குத் தெரிந்தது பேர் மட்டும்தான். ஜூன் மாதத்தில் ஒரு நாள் வாஷிங்டன் குளிக்கப் போனபோது செங்கல் சமையலறை மேஜையில் திறந்து கிடந்தது. அந்தப் பேர் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதினோரு தடவை. ஒரு தலைப்பு ‘இன்னும் சூடாகிறதா?’ என்றிருந்தது. அதற்கு மேலே இருந்தது ‘அப்படியானால் ராத்திரி முழுக்க’. நேலிதா இருபத்திரண்டு வருஷம் நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள், இரண்டு வரி போதும், பத்திரத்தின் மிச்சத்தை அவளே சொல்லிவிடுவாள். அதற்கு முன்பெல்லாம் விளையாட்டாக அந்த மெஷினை “ஒன் சின்ன வீடு” என்பாள். அன்றைக்கு அப்புறம் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவன் அதைக் கவனித்தானா என்பது தெரியாது. அவள் வந்தால் மட்டும் மெஷினைக் குப்புறப் போட்டான்.

“அஞ்சு” என்றான் மில்டன். “நெட் தேடற பட்டனைத் தொட்டேன், ஒண்ணு போச்சு. வீட்டு நெட் பேர் வருது, பக்கத்துல ஒரு பூட்டுப் படம், சிவப்பா. உள்ள விடமாட்டேங்குது.”

“புதுப் பூட்டு. செங்கலுக்கு இது புரியாது. அதுக்குத் தெரிஞ்சது பழைய பூட்டும் பழைய சாவியும்தான்.”

“சாவிய இதுல அடிக்கவும் முடியாது, கீழ்ப்பாதி செத்துப்போச்சு.”

“அதனால ரவுட்டரத்தான் பழையபடி மாத்தணும். அது ஞாபகம் வெச்சிருக்கற அதே சாவிய இங்க போட்டா, தானாப் போய் ஒட்டிக்கும்.”

மில்டன் அவளை மரியாதையோடு பார்த்தான். “அண்ணன் சொல்லுவான், எங்க வீட்ல மூளை நேலிதாவுக்கு, மூக்கு எனக்குன்னு.”

அவள் கம்ப்யூட்டரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். எண்களாலான முகவரி, பேர், பாஸ்வேர்டு, விரல்கள் தாமாகப் போயின. வெளியே மழை. பக்கத்து வீட்டில் மழைக்கென்று மாவு பொரிக்கிறார்கள், கொழுப்பு வாசனை ஜன்னல் இடுக்கில் வந்தது. ஒரு தட்டு இங்கேயும் வந்திருந்தது, துணி போட்டு மூடி. ஒன்பது நாளாகத் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. காலித் தட்டுகளைக் கழுவி, யாருடையது எது என்று சரியாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை என்பதை அந்தத் தெருவே கவனித்திருந்தது. அவளும் கவனித்திருந்தாள், வேறு யாரையோ கவனிப்பதுபோல.

பக்கம் திறந்தது. பூட்டின் வகைக்குக் கீழே இப்போதைய சாவி மறைக்காமல், ஸ்பானிஷில், எழுத்து எழுத்தாக நின்றது: சுல்மாவைக்கேள்.

நேலிதாவின் கை திரைக்கு முன்னால் வந்து நின்றது, ஈ ஓட்டுவதுபோல.

“என்ன போட்டுருக்கு?” மில்டன் குனிந்தான். கண்ணாடியைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்திருந்தான். காலையிலிருந்து எல்லாவற்றையும் கையை நீட்டித்தான் படித்துக்கொண்டிருந்தான், செங்கலின் பேட்டரி எண் ஒன்றுதான் பெரிசாக இருந்தது.

“எண்ணு.”

“நெட் கம்பெனிக்காரனுங்க வெச்சது. நாசமாப் போறவனுங்க.”

அவள் அந்தச் சாவியை அழித்தாள். ஸ்பானிஷில் பதினாலு எழுத்து, ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயிற்று.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, வாஷிங்டன் சந்தைக்குப் போயிருந்தபோது, இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தப் புதுப் பூட்டையும் சாவியையும் அவளே போட்டாள். நாலு நிமிஷம் ஆனது. அவன் கேட்பான், கத்துவான், அப்போது சாவி என்ன என்று சொல்லலாம், முகத்தைப் பார்க்கலாம் என்று காத்திருந்தாள். அவன் வந்தான், செங்கலை இரண்டு தடவை உதறினான். “வீட்டு நெட் எடுக்கலையே” என்றான். “நெட் கம்பெனியக் கேளு” என்றாள். மறுநாள் கம்பெனி ஆபீசுக்குப் போய்விட்டு வந்தவன், “அவங்கதான் என்னமோ மாத்திட்டாங்களாம்” என்று சொல்லிவிட்டு மாத்தே இலைத் தேநீருக்கு வெந்நீர் போட்டான். அவ்வளவுதான். அவர்கள் எதையும் மாற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வாய் மூடி இருந்தாள். அன்றிலிருந்து மூன்று வாரம், தினமும் சாயங்காலம், காரை எடுத்துக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குக்குப் போனான். அங்கே லாரிக்காரர்களுக்காகத் திறந்து விட்ட நெட் இருந்தது. போகட்டும், அவ்வளவு ஆசை இருந்தால் போகட்டும் என்று ஜன்னலில் நின்று பார்த்தாள்.

அண்ணன் வாயால் கேட்டதை மில்டன் அப்படியே நம்பிவிட்டான். போன வாரம் கம்பெனி ஆபீசில் போய் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறான். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு மனு எழுதி வாங்கியிருந்தான். சொல்லாமல் இணைப்பை மாற்றியதால்தான் என் கணவர் அந்த ரோட்டில் போக நேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தது. அது மேஜைமேல் பிளாஸ்க்குக்கு அடியில் இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

இப்போது ‘பழைய பூட்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய சாவியைப் போட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அதுதான் தொல்லை. அவ்வளவு சுலபமாக முடிந்தால், மில்டன் மக்கு இல்லை, அடுத்த கேள்வி கேட்பான்.

“சாவி என்னவா இருக்கும்?” என்றான் மில்டன். “அவன் பிறந்த நாளு?”

“இருக்கலாம்.” அவள் அதை அடித்தாள். அது இல்லை என்று தெரிந்தே அடித்தாள். ரவுட்டர் விளக்குகள் அணைந்து திரும்ப எரிந்தன. மில்டன் செங்கலைத் தொட்டான்.

“இல்ல. நாலு.”

“கார் நம்பர்?”

அதையும் அடித்தாள். மழை கூரைத் தகரத்தில் ஒரே சுருதியில் விழுந்தது. உள்ளங்கை வியர்க்கிறதா என்று பார்த்தாள். வியர்க்கவில்லை. இந்தக் கடிதம் செத்தால் சுல்மா யார் என்பது யாருக்கும் தெரியாது, ரவுட்டரை மாற்றியது யார் என்பதும் தெரியாது. மனுவில் கையெழுத்துப் போடலாம். கடிதம் பிழைத்தால் இரண்டுமே தெரியும். ஏதோ சாமான் வாங்கும்போது இரண்டு கடையின் சரக்கை ஒப்பிடுவதுபோல் அதை யோசித்தாள்.

“மூணு. அண்ணி, ஞாத்தான்னு போட்டுப் பாரு.”

அவள் திரும்பவில்லை.

“ஒன்ன அப்படித்தானே கூப்பிடுவான்? சப்ப மூக்கி. இருபது பேர் இருக்கற எடத்துலயும் ‘ஞாத்தா, கிளம்பலாமா?’ம்பான். போடு.”

போட்டாள். ரவுட்டர் ஏற்கவில்லை. பழைய பூட்டுக்குக் குறைந்தது ஐந்து எழுத்து வேண்டும், ஞாத்தாவுக்கு ஸ்பானிஷில் நாலுதான், Ñata. அதோடு அந்த முதல் எழுத்து, தலையில் நெளிவு வைத்த ஞ, இந்த மாதிரிப் பழைய மெஷின் எதற்கும் ஆகாது. அதைப் பார்த்தாலே கேள்விக்குறி போடும்.

“ஞ எடுக்காது” என்றாள்.

“சனியன். நம்ம ஊர் எழுத்தே தெரியாத மெஷினை நம்ம ஊர்ல வித்துருக்கானுங்க.” மில்டன் செங்கலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினான். “ரெண்டு. அண்ணி, ரெண்டு. பேட்டரிக் கோடு சிவப்பாயிருச்சு. அவன் கடைசியா ஓடினது இதுக்குத்தான், இதுல என்ன இருந்துச்சுன்னுகூடத் தெரியாமப் போயிரும்.”

அறுபது வயது ஆம்பளை, சட்டைக்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நேலிதா அதையும் பார்த்தாள். அந்தச் சட்டையின் பொத்தான் ஒன்று வேறு நிறம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளும் வாஷிங்டனும் இதே மேஜையில் உட்கார்ந்து இந்த நெட்டை முதன்முதலாகப் போட்டபோது, சாவி என்ன வைக்கலாம் என்று கேட்டாள். ஒன் பேர்தான், வேற என்ன என்றான். ஞ எடுக்காது என்றாள். ஊரில் எல்லோரும் தந்தி அடித்த காலத்திலிருந்து செய்கிற வழியைத்தான் அவனும் சொன்னான்: “நெளிவு இல்லன்னா நடுவுல ஒரு இ-யத் தள்ளு. படிக்கறவனுக்குப் புரியும்.” அப்படித் தள்ளினால் சரியாக ஐந்து எழுத்து, Niata.

நேலிதா அடித்தாள். நியாத்தா.

விளக்குகள் அணைந்தன. எரிந்தன. மில்டன் தொடுவதற்கு முன்பே செங்கல் ஒரு சின்னச் சத்தம் போட்டது, நீரில் கூழாங்கல் விழுந்ததுபோல.

“புடிச்சிருச்சு!” அவன் துள்ளினான். “புடிச்சிருச்சு, அண்ணி! என்ன போட்ட?”

“நியாத்தா. இ வெச்சு.”

“ஆமால்ல! எனக்குத் தோணலயே பாரேன்.” சிரித்தான். சிரிப்பு பாதியில் மெல்ல இறங்கியது. “இவ்வளவுதானா? மாத்தறது, இங்கேருந்தே, இவ்வளவு சுலபமா?”

அவள் முழங்காலில் இருந்த தூசியைத் தட்டினாள்.

“அப்ப மூணு வாரமா அவன் ஏன்…”

செங்கல் இன்னொரு சத்தம் போட்டது. கடிதம் வந்துவிட்டது.

மில்டன் கையை முழுசாக நீட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், மெஷினை அவளிடம் கொடுத்தான். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீ படி. சத்தமா.”

அவள் வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்தது. சூடாகிறது என்று எழுதியது இதைத்தானா என்று அந்தக் கணத்தில் தோன்றியது, மூளைக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்ததுபோல. படித்தாள்.

“‘மதிப்பிற்குரிய வாஷிங்டன், நல்ல செய்தி. உங்கள் மாடலுக்குப் புது பேட்டரி ஒன்று கிடைத்துவிட்டது, பிரேசிலிலிருந்து. இனி சூடாகாது, ராத்திரி முழுக்கச் சார்ஜில் விடவும் வேண்டாம். துராஸ்னோ ஊர்ப் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். உங்கள் கடைக்காரர்கள் நானூறு பேரும் இன்னும் பத்து வருஷம் பிழைப்பார்கள்.’”

“பேட்டரிக்காரி!” என்றான் மில்டன். “அட, நான் என்னமோ… மன்னிச்சிரு அண்ணி, அந்தப் பேரப் பாத்ததும் நானே ஒரு நிமிஷம் தப்பா நெனச்சுட்டேன். ஒரு பேட்டரிக்கா இந்த ஓட்டம் ஓடினான்? வாஷிங்டன்னு பேர் வெச்சு ஜனாதிபதி ஆவான்னு பாத்தாங்க எங்க வீட்ல. பிஸ்கட் வித்தான், பேட்டரி வாங்கினான்.” மூக்கை உறிஞ்சினான். “ம். அப்புறம்?”

“‘நீங்கள் கேட்ட இன்னொரு விஷயம். வீட்டு இணைப்பைச் சரிசெய்ய வேறு வழி இருக்கிறதா என்று கேட்டீர்கள். நானும் யோசித்தேன். மெஷினில் செய்ய ஒன்றும் இல்லை. ஒரே வழி…’”

அங்கே வரி முடிந்தது. திரையின் மேல்பாதியில் விரலை வைத்துக் கடிதத்தை நகர்த்தினாள். சுல்மாவின் கடிதம் இன்னும் ஒரே ஒரு வரிதான், வீட்டில் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள் என்று. அதற்குக் கீழே, பதில் கடிதங்களில் வழக்கமாகத் தொங்குகிறபடி, அவன் எழுதியது இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன அம்பு முனை. தேதி, அவன் செத்ததற்கு முந்தின நாள். நாலைந்து வரி. ஒரு தடவை படித்தாள். திரும்பவும் மேலே போய் இன்னொரு தடவை படித்தாள்.

திரை ஒரு முறை மங்கிப் பிரகாசித்தது. பிறகு போய்விட்டது. எச்சரிக்கை எதுவும் இல்லை.

நானூறு கடைக்காரர்களும் போனார்கள். பிறந்தநாள்கள் போயின. ரவுட்டரில் நாலு விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

“தீந்துருச்சா?” என்றான் மில்டன்.

“ம்.”

“சரி விடு. பேட்டரின்னு தெரிஞ்சுதே, அது போதும்.” பிளாஸ்க்கைத் தூக்கி மனுவை எடுத்தான். தாளின் நடுவில் ஈர வட்டம் பதிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தட்டி, இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினான். “கையெழுத்துப் போட்டுரு. திங்கக்கெழம கொண்டுபோய் அவனுங்க மூஞ்சில வீசறேன். ஒரு பேட்டரிக்குப் பேசக்கூட அந்த ரோட்டுக்கு அனுப்பினானுங்க பாரு.” பிறகு, “ஒரே வழின்னு என்னமோ போட்டிருந்துச்சே? அதுக்குக் கீழயும் ஏதோ பொடிப்பொடியா ஓடுச்சு. அது என்ன?”

“ஒன் அண்ணன் எழுதினது.”

“அதையும் படிச்சியா?”

“படிச்சேன்.”

“சொல்லு.”

நேலிதா பேனாவை எடுக்கவில்லை. செங்கலை இரண்டு கையாலும் பிடித்து, படிக்கிற தூரத்துக்குக் கொண்டுவந்தாள். கண்ணாடி கறுப்பாக இருந்தது. அணைந்துவிட்டது என்று காட்ட மில்டன் கையை நீட்டினான். அவள் கண் இடமிருந்து வலமாக, வரி வரியாக, கறுப்பின்மேல் போய்க்கொண்டிருந்தது. நோட்டரி ஆபீசில் பத்திரம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள்.

“‘கம்பெனியில் கேட்டுவிட்டேன். நாங்கள் தொடவே இல்லை, வீட்டுக்குள் உட்கார்ந்துதான் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். என் வீட்டில் அது தெரிந்தவள் நேலிதா ஒருத்திதான். என்ன கோபம் என்று தெரியவில்லை. கேட்டால் இன்னும் ஏறும், விட்டால் ஒரு மாதத்தில் தானாக ஆறும், முப்பத்தாறு வருஷமாக அவளை எனக்குத் தெரியும். அதுவரை நான் பங்குக்குப் போய்க்கொள்கிறேன், ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோரிடமும் கம்பெனி மாற்றியதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.’”